ஸ்பானியக் குடும்பப் பெயரின் வேரைத் தேடுவது எப்படி? மெந்தோசாவை வைத்து ஒரு வழிகாட்டி

அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போட்டுக்கொண்டு, அடுத்த தலைமுறையில் அதைக் கழற்றிவிடும் நமக்கு, நூற்றாண்டுக்கணக்கில் ஒட்டிக்கொண்டே வரும் குடும்பப் பெயர் கொஞ்சம் புதிய சங்கதி. ஸ்பானியர்களுக்கோ ஆளுக்கு இரண்டு உண்டு. அவற்றில் ஒன்றின் வேரைத் தேடத் தொடங்குகிறவர்கள் முதலில் இணையத்தில் பெயரைத் தட்டி, 'இப்பெயரின் தோற்றம்' என்று வரும் நாலு வரியையும் பக்கத்திலிருக்கும் கேடயப் படத்தையும் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அந்த நாலு வரி பெயரின் கதை. அந்தப் பெயரைச் சுமக்கும் ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் கதை வேறு. இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கலாம், சந்திக்காமலே போகலாம். இரண்டையும் தனித்தனி நோட்டில் எழுதி வருவதுதான் இந்த வேலையின் பாதி.

உதாரணத்துக்கு மெந்தோசாவை எடுத்துக்கொள்கிறோம். நம் செய்தித்தாள்கள் மென்டோசா என்று எழுதும் அதே பெயர். ஆவணங்கள் ஏராளம், அதோடு, ஒரு ஸ்பானியப் பெயரில் விழக்கூடிய குழிகள் அனேகமாக எல்லாமே இந்த ஒரு பெயரில் இருக்கின்றன.

முதல் படி: இரண்டு பெயரையும் பிரியுங்கள்

மரியா மெந்தோசா ரூயிஸ் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மரியா அவருடைய சொந்தப் பெயர். மெந்தோசா, அப்பாவின் முதல் குடும்பப் பெயர். ரூயிஸ், அம்மாவின் முதல் குடும்பப் பெயர். கல்யாணத்துக்குப் பிறகும் இவை மாறாது. ஸ்பெயினில் பெண்கள் கணவர் பெயருக்கு மாறுவதில்லை. தேடுகிறவருக்கு இது பெரிய வரம், பெண் வழியும் ஆவணத்தில் அறுபடாமல் வரும். ஆங்கிலப் பழக்கத்தில் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு ரூயிஸின் கீழ் தேடினால் இவரைக் கண்டுபிடிக்கவே முடியாது. அட்டவணையில் இவர் மெந்தோசாவின் கீழ்தான் இருப்பார்.

போர்த்துகீசிய வழக்கம் இதற்குத் தலைகீழ். அங்கே அம்மா பெயர் முதலில், அப்பா பெயர் கடைசியில். ஆவணம் எந்த நாட்டுடையது என்று பார்க்காமல் வரிசையை நம்பக் கூடாது. ஸ்பெயினிலேயே 1999-ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோர் இருவரும் ஒத்துக்கொண்டால் வரிசையை மாற்ற அனுமதித்தது. 2017 ஜூன் 30 முதல் அப்பா பெயருக்கு இருந்த முன்னுரிமையே எடுபட்டுவிட்டது. எது முதலில் என்பதைப் பெற்றோர்தான் சொல்ல வேண்டும். அண்மையில் பிறந்த குழந்தையின் முதல் குடும்பப் பெயர் அம்மாவுடையதாக இருந்தால் குழம்ப வேண்டாம்.

ஒரு தாளில் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி எட்டுப் பேரையும் அவர்களுடைய முதல் குடும்பப் பெயரோடு எழுதுங்கள். எட்டுப் பெயர் வரும். அதில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துத் தேடுங்கள். எட்டையும் ஒரே நேரத்தில் இழுக்கிறவர்கள் மூன்றாம் மாதம் கைவிடுகிறார்கள்.

இரண்டாம் படி: பெயர் எந்த வகை என்று பாருங்கள்

ஸ்பானியப் பெயர்கள் பெரும்பாலும் நாலு கூடைகளில் அடங்கும். அப்பா பெயரிலிருந்து வந்தவை: கொன்சாலோவின் பிள்ளை கொன்சாலெஸ், ரொத்ரிகோவின் பிள்ளை ரொத்ரிகெஸ், சாஞ்சோவின் பிள்ளை சாஞ்செஸ், லோப்பெயின் பிள்ளை லோபெஸ். ஊரிலிருந்து வந்தவை: தொலேதோ, ஆவிலா, நவார்ரோ. தொழிலிலிருந்து வந்தவை: கொல்லர் எர்ரேரோ, செருப்புத் தைப்பவர் சாபத்தேரோ. ஆளின் தோற்றத்தையோ குணத்தையோ சொல்பவை: ஒல்லி என்னும் தெல்காதோ, கறுத்தவர் என்னும் மொரேனோ, பண்பானவர் என்னும் கோர்த்தேஸ். இவற்றுக்கு வெளியே எக்ஸ்போசிதோ என்று ஒரு தனிப் பெயர் உண்டு. கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு ஆதரவு இல்லங்களில் வைத்தது. அந்தப் பெயர் வந்ததும் மேலே போகும் பாதை பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். அதன் பிறகு குழந்தையைச் சேர்த்துக்கொண்ட இல்லத்தின் பதிவேடுதான் ஒரே வழி.

வகை தெரிந்தால் என்ன லாபம்? ஒன்றே ஒன்றுதான், ஆனால் பெரிது. அப்பா பெயரிலிருந்து வந்தவையும் தொழிற்பெயர்களும் நூறு இடங்களில் நூறு தடவை தனித்தனியாகப் பிறந்தவை. ஸ்பெயினின் தேசியப் புள்ளிவிவர நிறுவனக் கணக்கில் கார்சியாவை முதல் குடும்பப் பெயராகக் கொண்டவர்கள் மட்டும் 14 லட்சத்துக்கு மேல். அவர்கள் எல்லாருக்கும் ஒரு மூதாதையைத் தேடுவது, நாட்டிலுள்ள எல்லா முருகேசன்களுக்கும் ஒரு பாட்டனாரைத் தேடுவது போல. ஊர்ப்பெயர் அப்படி அல்ல. சின்ன ஊராக இருந்தால் தேடலுக்குத் தொடக்கப் புள்ளி வரைபடத்திலேயே கிடைத்துவிடும்.

மெந்தோசா அப்படிப்பட்ட ஊர்ப்பெயர். வட ஸ்பெயினில் பேசும் பாஸ்க் மொழியில் 'மெந்தி' மலை, 'ஒட்ஸ்' குளிர். கடைசி 'ஆ' சுட்டுவிகுதி. குளிர்மலை என்று பொருள். ஊர் இன்றும் இருக்கிறது: பாஸ்க் பகுதியின் ஆலவா மாகாணத்தில், வித்தோரியா நகருக்கு மேற்கே சுமார் 10 கி.மீ. தொலைவில், அக்குடும்பத்தின் இடைக்காலக் கல்கோட்டையோடு.

காதுக்கு ஒன்றாகக் கேட்பதை ஒன்றென்று எடுத்துக்கொள்வது இந்தப் படியில் நேரும் விபத்து. மெந்தெஸ், மெனெந்தெஸ் இரண்டும் மெனெந்தோ என்ற ஆள்பெயரிலிருந்து வந்தவை. மெந்தோசாவோடு அவற்றுக்குச் சொந்தம் இல்லை. இலங்கையில் பரவலாக உள்ள மென்டிஸ், போர்த்துகீசிய மெந்தெஸ்தான். அதுவும் இந்தப் பக்கம் வராது. கோவாவிலும் மங்களூரிலும் கேட்கும் மென்டோன்சாதான் மெந்தோசாவின் போர்த்துகீசிய வடிவம். அங்கும்கூட அது பெரும்பாலும் ஞானஸ்நானத்தின்போது வந்த பெயர், கப்பலில் வந்த ரத்தம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தூத்துக்குடிக் கடற்கரையின் பர்னாந்துகளுக்கும் இதே கதைதான்: 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர் மதம் மாறியபோது வந்தவை போர்த்துகீசியப் பெயர்கள். அவற்றின் வேரை ஸ்பானியக் காப்பகத்தில் தேடுவது வீண் வேலை.

மூன்றாம் படி: ஒட்டுப் பெயரைக் கவனியுங்கள்

ஆலவாவுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. அப்பா வழிப் பெயரையும் ஊரையும் சேர்த்து ஒரே குடும்பப் பெயராக வைத்துக்கொள்வது: லோபெஸ் தெ மெந்தோசா, தியாஸ் தெ மெந்தோசா, உர்தாதோ தெ மெந்தோசா. ஸ்பெயினின் பல பகுதிகளில் இந்த ஒட்டு உதிர்ந்துபோனது. ஆலவாவில் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது.

ஆகவே மெந்தோசா என்று மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். உர்தாதோ, லோபெஸ், கொன்சாலெஸ், தியாஸ் என்று ஒட்டின் முதல் பாதியின் கீழும் பாருங்கள். ஒரே ஆள் ஞானஸ்நானப் பதிவில் 'உர்தாதோ தெ மெந்தோசா', கல்யாணப் பதிவில் வெறும் 'உர்தாதோ', உயிலில் வெறும் 'மெந்தோசா' என்று இருப்பது சர்வசாதாரணம். 'தெ' என்ற இணைப்பை வைத்துப் பிரபு வம்சம் என்று முடிவுகட்ட வேண்டாம். 'இந்த ஊர்க்காரர்' என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

உர்தாதோ என்றால் 'திருடப்பட்டவன்'. குழந்தையாக இருந்தபோது கடத்தப்பட்ட ஓர் அரச வாரிசைப் பற்றிப் பின்னால் வந்த வம்சக்கதைகள் இதற்குப் பொருத்தமாகக் கட்டப்பட்டன. பக்கத்து ஊர்ப் பகையாளிக் குடும்பத்தின் ஒட்டுப் பெயர் லத்ரோன் தெ கெவாரா. லத்ரோன் என்றால் திருடன். திருடனும் திருடப்பட்டவனும் ஒரே மாகாணத்தில் சண்டை போட்டிருக்கிறார்கள் என்று சிரித்துவிட்டு வேலையைத் தொடரலாம். இரண்டுமே இடைக்காலத்தில் ஆள்பெயர்களாகப் புழங்கியவைதான்.

பழைய ஸ்பானிய மொழியின் 'ஃப' ஒலி பின்னால் ஓசையற்ற 'எச்' எழுத்தாகத் தேய்ந்தது. உர்தாதோவும் போர்த்துகீசிய ஃபுர்தாதோவும் ஒன்று. எர்னாந்தெஸும் ஃபெர்னாந்தெஸும் ஒரே வேர். பழைய பதிவுகளில் இரண்டு எழுத்தின் கீழும் தேட வேண்டும்.

நான்காம் படி: பழைய காலத்துக்குப் புது விதியைக் கொண்டுபோகாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் இரண்டு முறை படிப்பதாக இருந்தால், இதைப் படியுங்கள்.

அப்பா பெயர் முதலில், அம்மா பெயர் இரண்டாவதாக என்ற இன்றைய ஒழுங்கு மெல்ல மெல்ல உருவாகி, 19-ஆம் நூற்றாண்டில் அரசுப் பதிவால் இறுகியது. அதற்கு முன் பெயர் என்பது ஒரு தேர்வு. சொத்து தந்த தாத்தாவின் பெயர், பாட்டியின் பெயர், ஞானத்தந்தையின் பெயர், எது கௌரவமோ அது.

மெந்தோசாக்களிடமே பார்க்கலாம். 14-ஆம் நூற்றாண்டில் ஆலவாவிலிருந்து வந்து குவாதலஹாரா நகரில் நிலைகொண்டவர் கொன்சாலோ யாஞெஸ் தெ மெந்தோசா. அவர் மகன் பெத்ரோ கொன்சாலெஸ் தெ மெந்தோசா, 1385-இல் அல்ஜுபரோட்டா போரில் இறந்தவர். கொன்சாலோவின் மகன் கொன்சாலெஸ்: இலக்கணம் சுத்தம். அவருடைய மகன் தியேகோ உர்தாதோ தெ மெந்தோசா, காஸ்தீயா என்ற அன்றைய ஸ்பானிய அரசின் கடற்படைத் தலைவர், 1404-இல் மறைந்தார். விதிப்படி அவர் பெத்ரோவின் மகன் பெரெஸ் என்று இருந்திருக்க வேண்டும், இல்லை. அவர் மகன், கவிஞரும் சாந்தில்யானா மார்க்கேஸுமான (மார்க்கேஸ் ஒரு பிரபுப் பட்டம்) இனிகோ லோபெஸ் தெ மெந்தோசா, 1398 முதல் 1458 வரை வாழ்ந்தவர். நம் கத்தோலிக்கர்கள் பிள்ளைகளுக்கு வைக்கும் இனிகோவேதான் இந்த இனிகோ. இவருடைய மகன்களில் மூத்தவர், 1475-இல் இன்ஃபந்தாதோ கோமகன் பட்டம் பெற்றவர், மறுபடியும் தியேகோ உர்தாதோ. இன்னொரு மகன், பேராயரும் கர்தினாலுமான பெத்ரோ கொன்சாலெஸ் தெ மெந்தோசா.

கர்தினாலின் பெயரில் கொன்சாலெஸ் இருப்பதால் அப்பா பெயர் கொன்சாலோ என்று எழுதிவிட்டால் வம்சமே தடம்புரளும். அவருடைய அப்பா இனிகோ. 'பெத்ரோ கொன்சாலெஸ்', 'தியேகோ உர்தாதோ', 'இனிகோ லோபெஸ்' என்ற மூன்றும் அதற்குள் உறைந்துபோன பொட்டலங்கள். முப்பாட்டன் நினைவாகப் பேரனுக்கு அப்படியே தூக்கிக் கொடுப்பார்கள். ஆகவே ஒரே பெயர் ஐந்தாறு முறை வரும். பட்டம், மனைவி பெயர், இறந்த ஆண்டு ஆகிய மூன்றையும் சேர்த்தே ஒவ்வொருவரையும் குறியுங்கள்.

உடன்பிறந்தவர்களிடம் இது இன்னும் தெளிவாகத் தெரியும். தெந்தில்யாவின் இரண்டாம் பிரபு (கவுண்ட்) இனிகோ லோபெஸ் தெ மெந்தோசாவின் மனைவி ஃபிரான்சிஸ்கா பச்சேகோ. பிள்ளைகளில் ஒருவர் அந்தோனியோ தெ மெந்தோசா, 1535-இல் மெக்ஸிகோவுக்கு முதல் வைஸ்ராயாகப் போனவர். இன்னொருவர் தூதரும் எழுத்தாளருமான தியேகோ உர்தாதோ தெ மெந்தோசா. மகள் மரியா பச்சேகோ. 1521-இல் கணவர் ஹுவான் தெ பதில்யா அரசருக்கு எதிரான கிளர்ச்சிக்காகத் தலைவெட்டப்பட்ட பிறகும் தொலேதோ நகரை அரசப்படைக்கு விட்டுக்கொடுக்காமல் பிடித்து நின்றவர். மூவரும் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்கள். பெயர்கள் மூன்று விதம். 'பச்சேகோவும் மெந்தோசாவும் வேறு வேறு குடும்பம்' என்று ஒதுக்குகிறவர் அண்ணன் தங்கையைப் பிரித்துவிடுகிறார்.

சாதாரணக் குடும்பங்களில் மகள்கள் அம்மா அல்லது பாட்டி பெயரை எடுப்பது 17, 18-ஆம் நூற்றாண்டுகளிலும் உண்டு. பண்புப் பெயராக இருந்தால் பெண்பால் ஈறும் சேரும்; தெல்காதோவின் மகள் பதிவில் தெல்காதா என்று இருப்பாள். எழுத்துப்பிழை என்று திருத்திவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: ஆவணங்கள், பின்னோக்கிய வரிசையில்

எப்போதும் தெரிந்தவரிடமிருந்து தெரியாதவரை நோக்கி, ஒவ்வொரு தலைமுறையாகப் போங்கள். மெந்தோசா ஊரிலிருந்து கீழே இறங்கி உங்கள் ஆளை அடைய முயல்வது தலைகீழ் வேலை.

ஸ்பெயினில் அரசுப் பிறப்பு இறப்புப் பதிவு, ரெகிஸ்த்ரோ சிவில், 1871 ஜனவரி 1-இல் தொடங்கியது. அங்கே கேட்க வேண்டியது சுருக்கச் சான்று அல்ல, 'லித்தெரால்' என்ற முழுநகல். சுருக்கத்தில் ஆளும் பெற்றோரும் மட்டும் இருப்பார்கள். பழைய பதிவுகளின் முழுநகலில் தாத்தா பாட்டி நால்வர் பெயரும், அவர்கள் எந்த ஊர் என்பதும் பெரும்பாலும் இருக்கும். ஒரே தாளில் மூன்று தலைமுறை. கட்டணம் கிடையாது. விண்ணப்பத்தில் இரண்டு குடும்பப் பெயர், பிறந்த ஊர், தேதி, பெற்றோர் பெயர் ஆகியவை தேவை. 'சுமார் 1890' என்று எழுதினால் தேடித் தர மாட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தேதி தெரியாவிட்டால் முதலில் கல்யாணப் பதிவையோ இறப்புப் பதிவையோ பிடித்து, அதிலிருந்து வயதைக் கணக்கிட்டு வாருங்கள்.

1871-க்கு முன்னால் தேவாலயம்தான். 1563-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பதிவு செய்யக் கட்டாயப்படுத்தியது. சில பங்குகளில், அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரங்களில், அதற்கு முந்தைய புத்தகங்களும் உண்டு. எல்லா ஊரிலும் அவ்வளவு பின்னால் போக முடியாது. 1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டுப் போரில் ஏராளமான பங்குப் புத்தகங்கள் எரிந்தன. முதலில் அந்த ஊருக்கு எந்த ஆண்டுகளின் புத்தகங்கள் மிஞ்சியிருக்கின்றன என்று விசாரியுங்கள், பிறகு ஆளைக் கேளுங்கள். பாஸ்க் பகுதி இதில் கொடுத்துவைத்தது: அங்குள்ள மறைமாவட்டங்களின் பதிவுகளுக்கு இணையத்தில் தேடு அட்டவணை இருக்கிறது. மற்ற இடங்களுக்கு ஃபேமிலிசெர்ச் தளத்தில் இலவசமாகப் படங்கள் கிடைக்கலாம். அட்டவணையில் பெயர் வராவிட்டால் புத்தகத்திலும் இல்லை என்று நினைக்காதீர்கள்; அட்டவணை போட்டவர் தவறாகப் படித்திருப்பார். பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும்.

ஒரு ஞானஸ்நானப் பதிவில் வரிசை பெரும்பாலும் இப்படி: தேதி, குருவின் பெயர், குழந்தை, பெற்றோர், அவர்கள் ஊர், 18-ஆம் நூற்றாண்டு முதல் பல இடங்களில் இருபக்கத் தாத்தா பாட்டி, கடைசியில் ஞானப் பெற்றோர். இதில் இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். 'நாத்துரால்' என்றால் அந்த ஊரில் பிறந்தவர். 'வெசினோ' என்றால் அங்கே குடியுரிமையோடு வசிப்பவர். வெசினோவைப் பிறந்த ஊராக எடுத்துக்கொண்டு அங்கே போய்ப் புத்தகம் புரட்டியவர்கள் எத்தனையோ பேர்.

இறந்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பது வழக்கம். ஒரே பெற்றோருக்கு ஐந்து வருட இடைவெளியில் இரண்டு பெத்ரோ இருந்தால், கல்யாணமானவர் பெரும்பாலும் இரண்டாமவர். இறப்புப் புத்தகத்தைப் பார்க்காமல் முதல் பெத்ரோவோடு நிறுத்திவிடக் கூடாது. உறவுமுறையில் கல்யாணம் செய்தவர்கள் திருச்சபையிடம் விலக்கு கேட்டிருப்பார்கள். அந்த மனுவோடு உறவை விளக்கும் மரவரைபடமே இணைந்திருக்கும். கிடைத்தால் மூன்று நான்கு தலைமுறை ஒரே நாளில் முடிந்துவிடும்.

தேவாலயத்தோடு கூடவே நோட்டரிப் பதிவுகளையும் பாருங்கள். உயில், சீதனப் பத்திரம், பாகப்பிரிவினை எல்லாம் அங்கே. நூறு ஆண்டு தாண்டிய நோட்டரிப் புத்தகங்கள் வரலாற்றுக் காப்பகங்களுக்குப் போய்விடும்; அங்கே எவரும் பார்க்கலாம். தலைப்பு ஆட்பெயரில் இராது, நோட்டரியின் பெயரிலும் ஆண்டிலும் இருக்கும். ஆகவே அந்த ஊரில் அந்த ஆண்டுகளில் யார் நோட்டரி என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

பெரிய காப்பகங்களுக்கு வாசல் 'பாரெஸ்' என்னும் ஸ்பானிய அரசின் இலவச இணையதளம். எங்கே எது இருக்கிறது என்று தெரிந்துகொண்டு நுழையுங்கள். இந்தியாஸ் (ஸ்பானியர் அமெரிக்காவைக் குறித்த பெயர்) காப்பகம், செவில்யா: அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்களின் அனுமதிப் பதிவுகள், பெற்றோர் பெயரோடும் ஊரோடும். இதில் இல்லாதவர் போகவில்லை என்று சொல்ல முடியாது. அனுமதி இல்லாமல் போனவர்கள் நிறைய. வல்யதோலித் உயர்நீதிமன்றக் காப்பகம்: வரி விலக்குக்காகத் தாங்கள் சிறுபிரபு, அதாவது இதால்கோ என்று நிரூபிக்கக் குடும்பங்கள் நடத்திய வழக்குகள். தாஹோ ஆற்றுக்கு வடக்கே இருந்தவர்களின் வழக்கு வல்யதோலித்தில், தெற்கே இருந்தவர்களுடையது கிரானாதாவில். தொலேதோவிலுள்ள பிரபுக்கள் காப்பகம்: ஒசூனா என்ற பிரபுக் குடும்பத்தின் தொகுப்பு அங்கேதான், இன்ஃபந்தாதோ மெந்தோசாக்களின் காகிதங்கள் அதற்குள். மத்ரித் தேசிய வரலாற்றுக் காப்பகம்: சாந்தியாகோ, கலத்ராவா போன்ற வீரத்துறவு அமைப்புகளில் சேர்ந்தவர்களின் வம்ச விசாரணைக் கோப்புகள்.

1750-களில் வரிக்காக நடந்த என்செனாதா கணக்கெடுப்பும் பாரெஸில் உண்டு. புதியவர்கள் இரண்டு விதமாக ஏமாறுகிறார்கள். இணையத்தில் இருப்பது ஊர் முழுவதற்குமான 40 கேள்விகளின் பொதுப் பதில். வீட்டுத் தலைவர்களின் தனிப் பட்டியல் வேறு புத்தகம், அது மாகாணக் காப்பகங்களில். இரண்டாவது, இந்தக் கணக்கெடுப்பு காஸ்தீயாவுக்கு மட்டும். குவாதலஹாரா இருக்கும், ஆலவா இருக்காது.

ஆறாம் படி: கையெழுத்தோடு மல்லுக்கட்டுதல்

பின்னோக்கிப் போவதில் ஒரு சௌகரியம்: 19-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்தில் கண் பழகியபின் 18, பிறகு 17 என்று இறங்குவீர்கள். 16-ஆம் நூற்றாண்டு நோட்டரிகளின் 'ப்ரொசெசால்' கையெழுத்துதான் பயமுறுத்தும். பேனாவைத் தூக்காமல், சொல்லுக்குச் சொல் இடைவெளி விடாமல் ஒரே சங்கிலியாக ஓடும். நேராக அதில் குதிக்காதீர்கள்.

பழைய மெந்தோசாவில் இன்றைய இசட் கிடையாது; சி எழுத்தின் அடியில் சின்ன வால், செதீயா, இருக்கும். கொன்சாலெஸிலும் அப்படித்தான். 1815 வரை இன்றைய 'ஹோத்தா' (ஜே) எழுத்து வரும் இடங்கள் பலவற்றில் எக்ஸ் எழுதினார்கள். பி, வி இரண்டும் ஒரே ஒலி, ஆகவே எழுதுகிறவர் இஷ்டம். எல்லா எழுத்துக்கூட்டலிலும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள். சுருக்கக் குறிகளும் காலை வாரும்: ஃபிரான்சிஸ்கோவை முதல் நாலு எழுத்தும் மேலே தூக்கிய இரண்டு எழுத்துமாக எழுதுவார்கள், அதை ஃபிராங்கோ என்ற குடும்பப் பெயராகப் படித்துவிடலாம். கிறிஸ்தோபாலின் தொடக்கத்தில் எக்ஸ், பி போலத் தெரிபவை கிரேக்க எழுத்துகள்.

தேதியில் ஒரு பள்ளம். காஸ்தீயாவில் 1383-ஆம் ஆண்டு முடிவெடுக்கும் வரை 'ஏரா' என்ற ஸ்பானிய ஆண்டுக்கணக்கு நடந்தது. அது நம் கணக்கைவிட 38 கூடுதல். ஏரா 1404 என்று இருந்தால் அது 1366. கழிக்க மறந்தால் மகன் பிறப்பதற்கு முன் பேரன் பிறந்துவிடுவான். 1582 அக்டோபரில் 4-ஆம் தேதிக்கு அடுத்த நாள் 15. இடையில் பத்து நாள் கிடையாது.

கடல் கடந்த மெந்தோசாக்கள்

உலகில் மெந்தோசாக்கள் பெரும்பாலோர் ஸ்பெயினுக்கு வெளியே இருக்கிறார்கள். மெக்ஸிகோவிலும் பெருவிலும் பூர்வகுடிகள் ஞானஸ்நானத்தின்போது ஞானத்தந்தையின், நிலக்கிழாரின், வைஸ்ராயின் பெயரை எடுத்தார்கள். அடிமைகளுக்கு எஜமானர் பெயர் ஒட்டியது. மெக்ஸிகோவின் பல பங்குகளில் ஸ்பானியர், கலப்பினத்தார், பூர்வகுடிகள் என்று ஞானஸ்நானப் புத்தகங்களே தனித்தனி. ஒன்றில் காணாதவரை மற்ற இரண்டிலும் தேடுங்கள். காலத்துக்குக் காலம் ஒரே குடும்பம் புத்தகம் மாறியிருக்கும். அர்ஜென்டினாவின் மெந்தோசா நகரம் 1561-இல் நிறுவப்பட்டபோது அப்போதைய சிலே ஆளுநர் கார்சியா உர்தாதோ தெ மெந்தோசாவின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. அந்த ஊர்க்காரராக இருப்பதும் அந்தக் குடும்பத்தவராக இருப்பதும் வேறு.

பிலிப்பைன்ஸில் ஆண்டு 1849 ஒரு சுவர். அந்த நவம்பர் 21-இல் ஆளுநர் நார்சிசோ கிளவெரியா, குடும்பப் பெயர் இல்லாதவர்கள் ஒரு பட்டியலிலிருந்து பெயர் எடுக்க வேண்டும் என்று ஆணையிட்டார். பட்டியலில் சுமார் 61,000 பெயர். பட்டியலைப் பக்கம் பக்கமாக ஊர்களுக்குப் பிரித்துக் கொடுத்ததால், சில ஊர்களில் எல்லாக் குடும்பப் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கும். நான்கு தலைமுறையாக ஒரு பெயரை வைத்திருப்பதாகக் காட்டியவர்களுக்கு விலக்கு இருந்தது. பிலிப்பினோ மெந்தோசா ஒருவரைத் தேடும்போது 1849-ஐத் தாண்டியதும் குடும்பப் பெயரைக் கைவிட்டு, கணவன் மனைவி இருவரின் சொந்தப் பெயர், பராங்காய் என்ற ஊர்ப் பிரிவு, ஞானப் பெற்றோர் ஆகியவற்றைக் கோத்துத்தான் மேலே போக முடியும். அங்கேயும் மெந்தோசா என்றே தேடிக்கொண்டிருந்தால் வேறு யாருடைய வம்சத்திலோ போய் நிற்பீர்கள்.

நம்பக் கூடாத காகிதங்கள்

16, 17-ஆம் நூற்றாண்டுகளில் வம்ச நூல் எழுதுவது கூலி வேலை. பணம் கொடுத்தவருக்கு நல்ல முன்னோர் கிடைத்தார். மெந்தோசாக்களே 11-ஆம் நூற்றாண்டு வீரர் சித் வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள்; கர்தினால் தம் மகனுக்கு ரொத்ரிகோ தியாஸ் தெ விவார் என்று சித்தின் பெயரையே வைத்தார். அந்த வழிக்குச் சமகால ஆவணம் கிடையாது. அச்சிட்ட வம்ச நூலைத் துப்பாக மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கண்ணிக்கும் அக்காலப் பதிவைத் தேடுங்கள்.

செபார்திய யூதர், அதாவது முன்பு ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்ட யூதர் வழிவந்தவர்களுக்கு ஸ்பானியக் குடியுரிமை தந்த 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி, 'இந்தப் பெயர்கள் இருந்தால் நீங்கள் யூத வம்சம்' என்ற பட்டியல்கள் சுற்றின. அப்படி அரசு அங்கீகரித்த பட்டியல் எதுவும் இல்லை. விண்ணப்பக் காலமும் 2019 அக்டோபர் 1-உடன் முடிந்தது. கிறிஸ்தவத்துக்கு மாறிய யூதர்கள் ஊரில் பரவலாக இருந்த பெயர்களையே எடுத்தார்கள். ஆகவே பெயர் எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாது.

கடைசியாக எல்லாரும் கேட்பது கேடயச் சின்னம். பச்சைத் தளத்தில் பொன் விளிம்புள்ள சிவப்புச் சாய்வுப் பட்டை, அதுதான் மெந்தோசா சின்னம் என்று சாவிக்கொத்திலும் கோப்பையிலும் விற்கிறார்கள். சின்னம் ஒரு கிளைக்கு உரியது, பெயருக்கு உரியதல்ல. சாந்தில்யானா கிளையின் கேடயம் பெருக்கல் குறிபோல நாலாகப் பிரிந்தது. மேலும் கீழும் அந்தப் பச்சையும் பட்டையும், இரு பக்கமும் பொன் தளத்தில் 'அருள் நிறைந்த மரியே வாழ்க' என்ற லத்தீன் வாசகம். அந்த வாசகம் மெந்தோசாக்களுடையதே அல்ல. சாந்தில்யானா மார்க்கேஸின் அம்மா லெயோனோர் தெ லா வேகாவின் பிறந்த வீட்டிலிருந்து வந்தது.